அணைக்க மாட்டேன், அமத்துவேன்

என் வீட்டில் விளக்கை யாரும் அணைப்பதில்லை. அமத்துவோம். குத்துவிளக்கானாலும் சரி, டியூப் லைட்டானாலும் சரி, அதே சொல்தான். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அமர்த்து என்பதைத்தான் அமத்து என்கிறோம். அழுகிற பிள்ளையை அமர்த்துகிறோம் அல்லவா, அதே அமர்த்துதான். அணைப்பது வேறு சங்கதி. அந்தச் சொல்லை விளக்கோடு சேர்த்துச் சொல்ல என் வீட்டுக்குள் நான் யாரையும் விட்டதில்லை. மருமகனையும் விடவில்லை, அவர் வாங்கி வந்து வைத்த மெஷினையும் விடவில்லை. அந்த மெஷினோடு போட்ட சண்டையில் என் வீடே என் கையை விட்டுப் போகப் பார்த்தது.

நான் நாகர்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, யார் எந்த ஊரைக் கேட்டாலும் வயரைச் சொருகி லைன் கொடுப்பது வேலை. குளச்சல்காரர் ஒரு மாதிரி பேசுவார், களியக்காவிளைக்காரர் பாதி மலையாளத்தில் பேசுவார், தோவாளைக்காரர் காற்றோடு போட்டி போட்டுக் கத்துவார். ஒருவரிடமும் 'புரியவில்லை' என்று நான் சொன்னதில்லை. புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்பேன். அதற்கும் புரியாவிட்டால் ஊரைச் சொல்லச் சொல்லி, தெருவைச் சொல்லச் சொல்லி, எப்படியாவது கண்டுபிடித்து இணைத்துவிடுவேன். இணைத்ததும் காதை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அடுத்தவர் பேச்சில் நமக்கு என்ன வேலை? ஆனாலும் நடுவில் லைன் போய்விடாமல் இருக்கிறதா என்று பார்க்கும்போது முதல் ஒரு வாக்கியம் காதில் விழத்தான் செய்யும். அப்படி விழுந்த வாக்கியங்களைப் பிறகு சொல்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் கணவரும் தோவாளையில் இருந்தோம். பூச்சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. முன்பக்கம் பஸ் போகிற ரோடு, பின்பக்கம் வயல், அதற்கப்பால் மலை. நான்கு வருடத்துக்கு முன்பு அவர் போய்விட்டார். ஒரே மகள், கல்யாணம் ஆகி மஸ்கட்டில் இருக்கிறாள். தனியாக இருக்கிறேனே என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்குத் தனிமை பிடித்துத்தான் இருந்தது. நினைத்த நேரத்துக்குச் சாப்பாடு, நூலகத்துப் புத்தகம், மத்தியானத் தூக்கம். ஆயுள் முழுவதும் அடுத்தவர் மணியடித்தால் எழுந்து ஓடியவளுக்கு அது பெரிய சுகம்.

போன ஆடியில் காற்று பேயாக வீசிய ஒரு சாயங்காலம், கொடியில் கிடந்த துணி பறந்துவிடுமே என்று பின்வாசலில் வேகமாக இறங்கினேன். கருக்கல் நேரம். கடைசிப் படி கண்ணுக்குத் தெரியவில்லை. கணுக்கால் பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்து தந்தாள். அவள் சந்தைக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறவள். நார் சுற்றிய விரலோடுதான் எப்போதும் வருவாள்.

மகள் போனில் அழுதாள். அழுது முடித்ததும் பேரம் பேச ஆரம்பித்தாள். அவளும் என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா.

"ஒண்ணு, நீ இங்க வா. இல்லன்னா வீட்ட வித்துட்டு நாகர்கோவில்ல ஒரு ஃபிளாட்டுல இரு. லிஃப்ட் உண்டு, வாட்ச்மேன் உண்டு."

"ரெண்டும் நடக்காது மக்களே." பெற்ற பிள்ளை ஒன்றே ஒன்றானாலும் எங்கள் ஊரில் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்ப வீடு பூரா ஆட்டோமேட்டிக் லைட்டு போடுவோம். அதுக்காவது சம்மதிப்பியா?"

சம்மதித்தேன். கீழே விழுந்தவள் ரொம்பவும் வாயாடக்கூடாது என்று ஒரு மரியாதைக்குச் சம்மதித்தேன்.

புரட்டாசியில் மருமகன் லீவில் வந்தார். மதுரைப்பக்கத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை, என்னிடம் குரலை உயர்த்திப் பேச மாட்டார். வடசேரியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துவந்தார். இரண்டு நாள் வேலை நடந்தது. பழைய சுவிட்சுகளை எல்லாம் கழற்றிவிட்டு, வழவழவென்று கண்ணாடித் தகடு பொருத்தினார்கள். அதில் விரல் வைத்தால் போதும். ஹாலிலும் அடுக்களையிலும் நடையிலும் பின்படிக்கு மேலேயும் சுவர் மூலையில் வெள்ளையாக ஒரு குமிழ். ஆள் அசைந்தால் விளக்கு வரும், அசைவு நின்றால் பத்து நிமிடத்தில் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, டிவி பக்கத்தில் வட்டமாக ஒரு பெட்டி. அதனிடம் வாயால் சொன்னாலே கேட்கும் என்றார்கள். கவிழ்த்துவைத்த தேங்காய்ச் சிரட்டை அளவில் இருந்ததால் நான் அதற்குச் சிரட்டை என்று பெயர் வைத்தேன்.

எலக்ட்ரீஷியன் கழற்றிய சுவிட்சுகளைச் சாக்கில் போடப் போனான். நான் தடுத்தேன்.

"அத இங்க வையிங்க."

"இது எதுக்கு அக்கா? பழையதாக்கும்."

"நானும் பழையதுதான். வையிங்க."

அவன் சிரித்துக்கொண்டே பிஸ்கட் டின்னில் போட்டுத் தந்தான். பரணில் ஏற்றி வைத்தேன்.

மருமகன் சிரட்டைக்கு முன்னால் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "ரெண்டே ரெண்டு வார்த்தைதான் அத்தை. 'விளக்கைப் போடு', 'விளக்கை அணை'. அவ்வளவுதான்."

"அந்த ரெண்டாவது வேண்டாம். அமத்துன்னு மாத்துங்க."

"அமத்தா? அப்படி ஒரு வார்த்தை இதுக்குத் தெரியாது அத்தை."

"தெரியாட்டா சொல்லிக் குடுங்க."

அவர் முயன்றார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் 'அமத்து' என்றேன். சிரட்டை பெண்குரலில், மெட்ராஸ் நியூஸ் வாசிக்கிறவள் மாதிரி, "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் மன்னிப்பு. அவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. "பரவாயில்லை அத்தை, தகட்டைத் தொட்டாலும் ஆஃப் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டால் ஆகும்தான். ஒத்துக்கொள்கிறேன். விரலை வைத்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு ஆத்திரம். ஒரு சொல் புரியவில்லை என்றால் இன்னொருமுறை கேள், ஊரைக் கேள், தெருவைக் கேள். அதைவிட்டு, கேட்ட மாத்திரத்தில் மன்னிக்கவும் என்று லைனை வெட்டுவது என்ன வேலை? எங்கள் எக்ஸ்சேஞ்சில் அப்படிச் செய்தால் சூப்பர்வைசர் மெமோ கொடுப்பார். ஆகவே தினமும் ராத்திரி எட்டரைக்கு, முன்வாசல் விளக்கை அமத்துகிற நேரத்தில், நாற்காலியைச் சிரட்டைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். அமத்து. மன்னிக்கவும். அமத்து. மன்னிக்கவும். ஏழெட்டுத் தடவை ஆனதும் திட்ட ஆரம்பிப்பேன். "செவிட்டுப் பொணமே, நீ எல்லாம் எக்ஸ்சேஞ்சுல இருந்திருந்தா முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பாவ" என்பேன். "நாளைக்கு டூட்டிக்கு வரும்போது காத கழுவிட்டு வா" என்பேன். பிறகுதான் எழுந்துபோய்த் தகட்டைத் தொடுவேன். உண்மையைச் சொன்னால், திட்ட ஒரு ஆள் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

சுவர் மூலைக் குமிழோடு நடந்தது இன்னொரு சண்டை. நான் வாசிக்கும்போது அசைய மாட்டேன். ட்ரங்க் போர்டில் உட்கார்ந்து பழகிய முதுகு, வைத்தது வைத்தபடி இருக்கும். குமிழுக்கு அது போதாது. நாவலில் பாதிப் பக்கம் போய்க்கொண்டிருக்கும், விளக்கு பட்டென்று போய்விடும். அசையவில்லையா, ஆள் இல்லை என்று அது முடிவு கட்டிவிடும். உயிரோடு இருப்பதை நிரூபிக்க நான் கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். மூன்று நாள் ஆட்டினேன். நான்காம் நாள் ஐந்து தடவை ஆட்டிவிட்டு, இனி ஆட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்து, டார்ச் லைட்டைத் தோளில் சாய்த்துவைத்து வாசித்தேன்.

அன்றைக்கே மகள் கூப்பிட்டாள்.

"யம்மா, ஹால் லைட்டு ஒரு மணி நேரத்துல அஞ்சு தடவ போயிப் போயி வந்திருக்கு. அப்புறம் வரவே இல்ல. என்ன செய்த?"

"வாசிச்சேன்."

"வாசிச்சா ஏன் லைட்டு போவுது?"

"அசையாம வாசிச்சேன்."

பதில் சொன்ன பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் விளக்கு போவதும் வருவதும் மஸ்கட்டில் இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். போனில் எல்லாம் தெரியும் என்று சாதாரணமாகச் சொன்னாள். எந்த அறையில் எப்போது விளக்கு எரிந்தது, எத்தனை நேரம் எரிந்தது எல்லாம் வரிசையாக வருமாம். நான் பாத்ரூம் போனதும் வரும், அடுக்களையில் மோர் எடுத்ததும் வரும். எனக்கு உடம்பு கூசியது. பெற்ற மகள்தான், தூரத்தில் இருக்கிற பிள்ளைதான், பயத்தில் பார்க்கிறாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்ன சமாதானம் நிற்கவில்லை. லைன் கொடுத்ததும் காதை எடுத்துவிடுவது என்று ஒரு ஒழுங்கில் வாழ்ந்தவள் நான். என் வீட்டு லைனில் யாரோ காதை வைத்தபடியே இருக்கிறார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் காலை ஏழரை வரை தூங்கிவிட்டேன். மழை, நல்ல குளிர். கதவு உடைகிற மாதிரி தட்டல். திறந்தால் பக்கத்து வீட்டுக்காரி, கையில் பாதி கட்டிய பிச்சிப்பூச் சரத்தோடு, முகம் வெளிறி நிற்கிறாள்.

"அக்கா, இருக்கியளா?"

"இல்லாம? யாரு கதவத் தொறந்தா?"

"மக போன் பண்ணுனா. அடுக்களையில லைட்டு எரியலியாம். போயிப் பாருன்னு அழுதா. எனக்குக் கை காலு ஓடல்ல."

அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பிறகு மகளுக்குப் போன் அடித்து, சாகும்போது உனக்குச் சொல்லிவிட்டே சாகிறேன், அதுவரை என்னைத் தூங்க விடு என்று கத்தினேன். சரி என்று ஒரே சொல்லில் போனை வைத்துவிட்டாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மாசியில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து இறங்கினாள். பிள்ளைகளை விட்டுவிட்டு, தனியாக. பத்து நாள் லீவு என்றாள். வந்த மறுநாள், "சும்மா ஒரு செக்கப்" என்று வாடகைக்காரில் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சர்க்கரை, பிரஷர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். டாக்டர் இளம்பெண். எதிரே உட்காரவைத்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சொன்னேன். என்ன மாதம்? சொன்னேன். தேங்காய், பஸ், கண்ணாடி, இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். அப்போது விளங்கிவிட்டது. மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போயிருப்பேன். ஆனால் எழுந்து போனால் அதையும் அவர்கள் ஒரு அறிகுறியாக எழுதிக்கொள்வார்கள் என்று தோன்றியது. உட்கார்ந்து பதில் சொன்னேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று டாக்டர் போதும் போதும் என்கிறவரை இறங்கினேன். கடிகாரம் வரையச் சொன்னாள், முள்ளோடு வரைந்து கொடுத்தேன். தேங்காய், பஸ், கண்ணாடி என்று அவள் கேட்கும் முன்பே சொன்னேன். கூடவே, எங்கள் காலத்தில் நாகர்கோவிலிலிருந்து கூப்பிடக்கூடிய ஊர்களின் கோடு நம்பர்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்க ஆரம்பித்தேன். பதினைந்தாவது ஊரில் டாக்டர் பேனாவை மூடிவைத்தாள்.

"அம்மாவுக்கு என்னைவிட ஞாபகம் நல்லா இருக்கு" என்றாள் மகளிடம். "எதுக்கு பயப்படுதீங்க?"

மகள் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் சிரட்டை எழுதி வைத்திருந்த பட்டியல். நான் பேசியதை எல்லாம் அது எழுத்தாக மாற்றிச் சேர்த்து வைத்திருக்கிறது. அதுவரை எனக்கு அது தெரியாது. விளக்கைப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், பேச்சையும் சேர்த்து என்று நினைக்கவில்லை.

"பாருங்க டாக்டர். தினமும் ராத்திரி எட்டரைக்கு. அமுது, அமுது, அமுதுன்னு. ஏழு தடவ, எட்டு தடவ. எட்டு மணிக்குத்தான் சாப்பிட்டிருப்பா. சாப்பிட்டதையே மறந்துட்டு மறுபடியும் சோறு கேக்குதா. யாரும் இல்லாத வீட்டுல." அவள் விரலால் பட்டியலை மேலே தள்ளிக் காட்டினாள். "அப்புறம் யாரையோ திட்டுதா. எக்ஸ்சேஞ்சுல இருந்தா அனுப்பியிருப்பாவன்னு சொல்லுதா. நாளைக்கு டூட்டின்னு சொல்லுதா. இன்னும் வேலைக்குப் போறதா நினைச்சிட்டு இருக்கா டாக்டர்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். அமுது. அமுது. அமுது. பசித்த பிச்சைக்காரி மாதிரி, மாதக்கணக்கில், பக்கம் பக்கமாக நான் சோறு கேட்டுக்கொண்டிருந்தேன். வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மகள் இன்னும் பயந்துபோனாள்.

"ஏட்டி, அது அமுது இல்ல. அமத்து. லைட்ட அமத்து."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மகளைப் பார்த்து, குத்தலாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்: "அக்கா, நீங்க இந்த ஊரு இல்லையா?"

மகளின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

திரும்பி வரும்போது காரில் நான்தான் ஆரம்பித்தேன். "மறதி யாருக்குட்டி? படிச்சது போதும், லைட்ட அமத்திட்டு படுன்னு உன்ட்ட எத்தன வருசம் சொல்லியிருக்கேன்? ஒரு சொல்லு காதுல விழுந்தா அடையாளம் தெரியாதா?" இப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ என்று பிறகு யோசித்ததுண்டு. ஆனால் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அணைன்னு சொன்னா உனக்கு என்ன கொறஞ்சிரும்? ஒரு வார்த்தை. அதச் சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திருக்குமா?" என்றாள்.

அப்போது சொன்னேன். எக்ஸ்சேஞ்சில் காதில் விழுந்த முதல் வாக்கியங்களைப் பற்றிச் சொன்னேன். ஊரிலிருந்து கல்ஃபுக்கும் பம்பாய்க்கும் சாவுச் செய்தி சொல்ல வருகிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வராது. செத்துப்போனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'விளக்கு அணைஞ்சிட்டு' என்பார்கள். அதைக் கேட்டதும் நான் காதை எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு வரும் அழுகை எனக்கு உரியதல்ல. எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. அந்தச் சொல்லை நான் என் வாயால் சொன்னது ஒரே ஒரு முறை.

"யார்ட்டன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலையில் மஸ்கட்டுக்குப் போன் போட்டு, 'மக்களே, விளக்கு அணைஞ்சிட்டு' என்று சொன்னது அவளிடம்தான். அவளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தச் சொல்லத் தெனமும் ராத்திரி டியூப் லைட்டப் பாத்துச் சொல்லச் சொல்லுத" என்றேன். "நான் சொல்ல மாட்டேன்."

வெள்ளமடம் தாண்டும் வரை அழுதுகொண்டே வந்தாள். "அப்பாக்குத்தான் வரமுடியல்ல. உனக்கும் அப்படி ஆயிரக்கூடாதுன்னுதான் பாத்துட்டே இருந்தேன். ஆபீசுல கூட அதத்தான் பாப்பேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் கோபம் போகவில்லை. இரண்டும் ஒரே கையில் இருக்கத்தான் செய்யும்.

வீட்டு வாசலில் ஒரு பைக் நின்றது. இரண்டு பேர் காம்பவுண்டுச் சுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் பதறி, "ஐயோ, இன்னைக்கு வரச் சொன்னத மறந்துட்டேன்" என்றாள். வீட்டு புரோக்கரும் வாங்க வந்தவரும். மறதிக்கு என்னை டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறவள் மறந்த காரியம் இது. என் முகத்தைப் பார்த்ததும் அவள் காரைவிட்டு இறங்கவே இல்லை.

புரோக்கர் கும்பிட்டார். "நல்ல எடம் பாத்தியளா. ஆளில்லாம சும்மா பூட்டிக் கெடக்க வீடு..." என்று வந்தவரிடம் சொல்லத் தொடங்கினார்.

நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். உச்சி வெயில். சிரட்டைக்கு முன்னால் நின்று, "விளக்கைப் போடு" என்றேன். அந்தச் சொல் மட்டும் அதற்கு நன்றாகக் கேட்கும். முன்வாசல், ஹால், அடுக்களை, நடை, பின்படி, அத்தனை விளக்கும் வெயிலோடு வெயிலாக எரிந்தது. வாசலுக்கு வந்து நின்றேன்.

"நல்லா பாத்துக்கிடும். ஆள் இருக்கு. விக்கணும்னா ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு என்னுதாக்கும். அது கிடைக்காது."

வாங்க வந்தவர் விவரமானவர். என்னைப் பார்த்தார், எரிகிற விளக்குகளைப் பார்த்தார், பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு வேலிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சந்தையில் என் கதைதான் ஓடியிருக்கும்.

மிச்ச எட்டு நாளில் வீடு மாறியது. வடசேரி எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். பரணிலிருந்து பிஸ்கட் டின் இறங்கியது. "அன்னைக்கே சொன்னியளே அக்கா" என்று அவன் சிரித்துக்கொண்டே பழைய சுவிட்சுகளை இருந்த இடத்திலேயே மாட்டினான். டக்கென்று சத்தம் கேட்டால்தான் எனக்கு விளக்கு வந்த மாதிரி இருக்கிறது. மூலைக் குமிழ்களைக் கழற்றச் சொன்னேன். பின்படிக்கு மேலே இருப்பதை மட்டும் விட்டுவைத்தேன். அது நல்ல விளக்கு. துணி எடுக்கக் கதவைத் திறந்தாலே கடைசிப் படிவரை வெளிச்சம் காட்டுகிறது. நல்லதை நல்லது என்று சொல்வதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சிரட்டையை மகளே எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். மஸ்கட் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட உதவும் என்றாள். அது என் ஹாலை விட்டுப் போனதில் ஒரே ஒரு வருத்தம், திட்ட ஆளில்லை.

போகிற அன்று அவள் போனை என் முன்னால் நீட்டி, வீட்டு விளக்கைக் காட்டுகிற அந்தச் சங்கதியை என் கண்ணெதிரே அழித்தாள். விரல் தயங்கியது. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது. "இனி எனக்கு ஒண்ணும் தெரியாது யம்மா" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

"தெரியணும்னா கேளு" என்றேன். "என்ட்ட கேளு. எனக்கு வாய் உண்டு."

முதல் இரண்டு நாள் போன் வரவில்லை. கோபமாக இருப்பாள் என்று நானும் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. மூன்றாம் நாள் எட்டரை மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன். அவள் எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். அந்த இடைவெளி எனக்குப் பழக்கமானது. தூரத்து லைனில் ஆட்கள் முதல் வாக்கியத்துக்கு மூச்சுப் பிடிப்பார்கள்.

"யம்மா," என்றாள், "லைட்ட அமத்திட்டியா?"

மடியில் புத்தகம் விரிந்து கிடந்தது. தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக நான் கையைக் காலை அசைக்கவில்லை.

"இல்ல மக்களே," என்றேன். "அமத்தல. அசையாம உக்காந்து வாசிச்சிட்டு இருக்கேன். இருக்கேன்."